குழுக் கடன் யாருடைய பணம்? மகளிர் சுய உதவிக் குழு: ஓர் எளிய விளக்கம்

"குழுவில் லோன் கொடுக்கிறார்களாம்" என்ற பேச்சு எழாத தெரு தமிழ்நாட்டில் அநேகமாக இருக்காது. அந்தக் குழு எது, கொடுப்பது யார், கொடுக்கப்படும் பணம் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வரும். அரசாங்கம் பெண்களுக்குத் தரும் உதவித்தொகை என்பார் ஒருவர். வாரம் தவறாமல் வாசலில் வந்து நிற்கும் தனியார் நிறுவனத்தின் கடன் என்பார் இன்னொருவர். எப்படியும் தேர்தல் சமயத்தில் தள்ளுபடி ஆகிவிடும் என்று மூன்றாமவர் நம்பிக்கையோடு சொல்வார். மகளிர் தினமான மார்ச் 8-ஆம் தேதி மேடைகளில் இதே குழுக்களைக் குறிப்பிட்டுப் பெண்கள் தலைமையேற்றுவிட்டார்கள் என்று பாராட்டுரைகள் நடக்கும். அந்தத் தலைமை எதனால் உண்டாகிறது, அதற்கு யார் எதைச் செலவிடுகிறார்கள் என்பதை மேடையும் விளக்குவதில்லை, தெருவும் கேட்பதில்லை.

மகளிர் சுய உதவிக் குழு என்பது கடன் வழங்கும் ஏற்பாடு என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது முதலில் ஒரு சேமிப்பு ஏற்பாடு. அதைவிட முக்கியமாக, பணத்தைப் பற்றிய முடிவைச் சில பெண்கள் கூடி எடுக்கப் பழகும் ஏற்பாடு. கடன் அதற்குப் பின்னால் வருவது. இந்த வரிசை மாறிப்போனால் குழுவின் பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

சிறுவாடும் சீட்டும்

குழு என்ற சொல் புதிதாக இருக்கலாம். அதன் வேர்கள் நம் அடுப்பங்கரையில்தான் இருக்கின்றன. வீட்டுச் செலவுக்குக் கொடுத்த பணத்தில் மிச்சம் பிடித்து, அரிசிப் பானைக்குள்ளோ புடவை மடிப்பிலோ பெண்கள் ஒளித்து வைக்கும் தொகைக்குச் சிறுவாடு என்று பெயர். உலையில் போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் பிடியரிசிப் பழக்கமும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். இவ்வகைச் சேமிப்பில் பெண்ணுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அது ஒளிந்திருக்கும் வரைதான் அந்த உரிமை. வெளியே தெரிந்த மறுநாளே அது குடும்பத்துப் பணமாகிவிடும். ஒளிந்திருப்பதால் அது வளர்வதும் இல்லை. பத்தாயிரம் ரூபாய் மருத்துவச் செலவு வரும்போது இரண்டாயிரம் ரூபாய்ச் சிறுவாட்டால் என்ன செய்துவிட முடியும்?

அடுத்த படி சீட்டு. இருபது பேர் மாதம் ஆளுக்கு ஆயிரம் போட்டால் இருபதாயிரம் சேரும். ஏலச்சீட்டாக இருந்தால் அதிகம் தள்ளிக் கேட்பவருக்கு அந்த மாதச் சீட்டு விழும். சிறுதொகைகள் ஒன்றுகூடிப் பெருந்தொகையாகும் வித்தை இங்கே நிகழ்ந்துவிடுகிறது. ஆனால் சீட்டில் யாருக்குப் பணம் அவசரம் என்ற கேள்வி எழுவதில்லை. யார் அதிகம் இழக்கத் துணிகிறாரோ அவருக்குத்தான் பணம். அதாவது, மிக நெருக்கடியில் இருப்பவர்தான் மிக அதிகமாக இழக்கிறார். கணக்கு சீட்டு பிடிப்பவரின் நோட்டில் இருக்கும். அவர் ஊரைவிட்டுப் போனால் கணக்கும் போய்விடும். இருபது மாதம் முடிந்ததும் சீட்டும் முடிந்துபோகும், கூடியவர்கள் கலைந்துவிடுவார்கள்.

சுய உதவிக் குழு இந்த இரண்டிலிருந்தும் சிலவற்றை எடுத்துக்கொண்டு சிலவற்றை மாற்றுகிறது. சிறுவாட்டின் உரிமையை எடுத்துக்கொண்டு ஒளிவை நீக்குகிறது. சீட்டின் கூட்டுப் பலத்தை எடுத்துக்கொண்டு, ஏலத்துக்குப் பதிலாகக் கூட்டத்தில் பேசி முடிவெடுக்கும் முறையை வைக்கிறது. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழும், ஏறக்குறைய ஒரே பொருளாதார நிலையில் உள்ள பத்து முதல் இருபது பெண்கள் சேர்ந்து, குறித்த நாளில் கூடி, குறித்த தொகையைச் சேமித்து, அதைத் தங்களுக்குள்ளேயே கடனாகச் சுழற்றிக்கொள்ளும் அமைப்புக்குத்தான் சுய உதவிக் குழு என்று பெயர். இருபதுக்கு மேல் போகாததற்குச் சட்டக் காரணம் ஒன்றும் இருந்தது: அப்போது நடைமுறையில் இருந்த 1956-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, இருபது பேருக்கு மேல் சேர்ந்து லாப நோக்கில் தொழில் செய்தால் பதிவு செய்தாக வேண்டியிருந்தது. பதிவுச் சிக்கல் இல்லாமல் நடத்த இருபது என்ற எல்லை வசதியாக இருந்தது. அதைவிட எளிய காரணம், இருபது பேருக்கு மேல் ஒரு திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் பேச்சை ஒருவர் கேட்க முடியாது.

உள்கடன்: குழுவின் உயிர்நாடி

குழுவின் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குத் தரப்படும் கடனுக்கு உள்கடன் என்று பெயர். வங்கியோ அரசோ இதில் இன்னும் நுழையவே இல்லை என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பதினைந்து பெண்கள் மாதம் ஆளுக்கு 200 ரூபாய் சந்தா செலுத்துவதாக வைத்துக்கொண்டால், மாதம் 3,000 ரூபாய் சேரும். மூன்றாம் மாத இறுதியில் கையிருப்பு 9,000 ரூபாய். அதிலிருந்து ஓர் உறுப்பினர் தையல் இயந்திரம் பழுதுபார்க்கவும் துணி எடுக்கவும் 5,000 ரூபாய் கேட்கிறார். நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி, மாதம் 500 ரூபாய் அசல் என்று கூட்டம் முடிவு செய்கிறது. முதல் மாதம் வட்டி 75 ரூபாய். அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து, பத்தாம் மாதம் ஏழரை ரூபாயில் முடியும். பத்து மாதத்தில் அவர் கட்டிய மொத்த வட்டி 412 ரூபாய் 50 காசு.

இதே 5,000 ரூபாயை அவர் வெளியே "அஞ்சு வட்டி"க்கு வாங்கியிருந்தால், மாதம் 250 ரூபாய் வீதம் பத்து மாதத்தில் 2,500 ரூபாய் வட்டி கட்டியிருப்பார். அதன் பிறகும் அசல் 5,000 ரூபாய் அப்படியே நின்றிருக்கும். கந்துவட்டியை ஒடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. ஆனால் அவசரத்துக்குக் கைமாற்று கிடைக்க வேறு வழி இல்லாத இடத்தில் சட்டம் மட்டும் வட்டிக்காரரை விரட்டிவிடாது என்பது அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும்.

இந்த இரண்டு வட்டிகளுக்கும் இடையிலான வேறுபாடு தொகையில் மட்டும் இல்லை. வட்டிக்காரருக்குக் கட்டிய 2,500 ரூபாய் அந்தத் தெருவைவிட்டுப் போய்விடுகிறது. குழுவுக்குக் கட்டிய 412 ரூபாயோ பதினைந்து பேருக்கும் பொதுவான நிதியில் சேர்கிறது. கட்டியவருக்கும் அதில் பங்கு உண்டு. சேமிப்பும், உள்கடனில் வந்த வட்டியும், கூட்டத்துக்கு வராததற்கான அபராதம் போன்ற சில்லறை வரவுகளும் சேர்ந்த தொகையைக் குழு நிதி என்கிறோம். ஓராண்டில் சேமிப்பு மட்டும் 36,000 ரூபாய். வட்டி வரவோடு சேர்ந்து ஏறத்தாழ 38,000 ரூபாய் ஆகலாம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: பணம் உறுப்பினர்களுடையது, வட்டி விகிதத்தை முடிவு செய்பவர்கள் அவர்கள், வட்டி திரும்பி வருவதும் அவர்களிடமே.

வங்கி ஏன் நம்பியது?

பழைய காலத்து வங்கி மேலாளரின் இடத்தில் இருந்து யோசித்துப் பார்க்க வேண்டும். பதினைந்து பெண்கள் தனித்தனியே வந்து ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் கேட்டால், அவர் பதினைந்து விண்ணப்பங்களைப் பார்க்க வேண்டும், பதினைந்து வீடுகளை விசாரிக்க வேண்டும். அவர்களிடம் நிலப் பத்திரம் இல்லை, நகை இல்லை, சம்பளச் சான்று இல்லை. கடனைத் திருப்பிக் கட்டாவிட்டால் எடுத்துக்கொள்வதற்காக வைக்கப்படும் பொருளுக்குப் பிணை என்று பெயர். அது இல்லாதவருக்கு வங்கியின் கதவு திறக்காது. இதில் மேலாளரின் கல்மனம் மட்டும் காரணம் இல்லை. ஐயாயிரம் ரூபாய்க் கடனில் வரும் வட்டியைவிட அதைக் கவனிக்க ஆகும் செலவு அதிகம்.

வங்கிக்குத் தெரியாத ஒன்று தெருவுக்குத் தெரியும். யார் வீட்டில் எவ்வளவு வருமானம், யாருக்கு உண்மையிலேயே மருத்துவச் செலவு, யார் வாங்கிய பணம் டாஸ்மாக்கில் போய்ச் சேரும் என்பதெல்லாம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு விசாரணை இல்லாமலே தெரிந்த விஷயங்கள். ஆகவே வங்கி ஒரே கடனைக் குழுவின் பெயரில் கொடுத்துவிட்டு, பிரித்துக் கொடுப்பதையும் வசூலிப்பதையும் குழுவிடமே விட்டுவிட்டால் இருவருக்கும் வேலை மிச்சம். உறுப்பினர் கட்டத் தவறினால் மற்றவர்கள் பொறுப்பேற்பார்கள் என்ற இந்த உடன்பாட்டுக்குக் கூட்டுப் பொறுப்பு என்று பெயர். பிணைக்குப் பதிலாக நிற்பது இதுதான்.

இந்த எண்ணம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. கர்நாடகத்தில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் 1980-களில் இத்தகைய சிறு குழுக்களோடு பணியாற்றியது. தமிழ்நாட்டில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பெண்கள் குழுக்கள் தொடங்கப்பட்டன. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அதை நடத்தியது. வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு 1992-இல் ஐந்நூறு குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனை முயற்சியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, பதிவு செய்யப்படாத குழுக்களின் பெயரிலும் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. இந்த அனுமதி சாதாரண நிர்வாகக் குறிப்புபோலத் தெரியலாம். எனக்கு இதுவே இந்த வரலாற்றின் திருப்பமாகத் தோன்றுகிறது. சொத்தோ பதிவுப் பத்திரமோ இல்லாத பெண்களின் கூட்டத்தை, வெறும் தீர்மானப் புத்தகத்தை மட்டும் பார்த்து, நாட்டின் வங்கி முறை ஒரு வாடிக்கையாளராக ஏற்றுக்கொண்டது அப்போதுதான்.

இன்றைய நடைமுறையில், குழு குறைந்தது ஆறு மாதமாவது ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். ஐந்து விஷயங்களை வைத்து அதற்குத் தர மதிப்பீடு செய்வார்கள்: கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, சேமிப்பு ஒழுங்காக வருகிறதா, உள்கடன் சுழல்கிறதா, கடன் உரிய காலத்தில் திரும்புகிறதா, கணக்குப் புத்தகங்கள் அன்றன்றைக்கு எழுதப்படுகின்றனவா. இந்த ஐந்துக்கும் பஞ்ச சூத்திரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஐந்தில் ஒன்றுகூட உறுப்பினர்களின் சொத்து எவ்வளவு என்று கேட்கவில்லை. தேறிய குழுவுக்கு முதல் கடனாகக் குழு நிதியின் ஆறு மடங்கு வரை கிடைக்கும் வாய்ப்பு உண்டு. நம் கணக்கில் வந்த 38,000 ரூபாய்க்கு அது 2,28,000 ரூபாய். அதை ஒழுங்காகக் கட்டி முடித்தால் அடுத்த கடன் பெரிதாகும்.

அப்படியானால் அரசு தருவது என்ன?

இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1997-98-இல் தமிழ்நாடு முழுவதற்குமாக மகளிர் திட்டம் தொடங்கியது. 2011-இல் மத்திய அரசின் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் வந்தது. இவற்றின் மூலம் அரசு குழுக்களை உருவாக்க ஆள் அனுப்புகிறது, பயிற்சி தருகிறது, தேறிய குழுவுக்குச் சுழல்நிதி என்ற ஒரு சிறு தொகையைக் குழு நிதியோடு சேர்க்கிறது. மூன்று லட்சம் ரூபாய் வரையிலான வங்கிக் கடன் குழுக்களுக்கு ஏழு சதவீத ஆண்டு வட்டியில் கிடைப்பதற்காக வட்டியின் ஒரு பகுதியை ஏற்கிறது. கடன் தொகை வங்கியில் பணம் போட்டவர்களின் பணம். அது அரசின் நன்கொடை இல்லை.

தள்ளுபடி பற்றிய குழப்பமும் இங்கிருந்துதான் வருகிறது. 2021-இல் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட குழுக்கடன் தள்ளுபடி, கூட்டுறவு நிறுவனங்களில் இருந்த கடன்களுக்கானது. அதைக் கேட்டு வணிக வங்கியில் வாங்கிய கடனைக் கட்டாமல் விட்ட குழு, அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது தன் பெயர் வாராக்கடன் பட்டியலில் இருப்பதைக் காணும்.

ஊக்குநர்: தலைமை எங்கே உண்டாகிறது

பெண்களின் தலைமைக்கு முதலீடு செய்வது என்ற சொற்றொடரை இப்போது எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். முதலீடு என்றதும் மனம் பணத்துக்குப் போகிறது. குழுக்களைப் பொறுத்தவரை, தலைமையை உருவாக்கும் முதலீடு பெரும்பாலும் நேரமும் பயிற்சியும்தான்; அதிலும் குறிப்பாகக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி.

தமிழ்நாட்டுக் குழுக்களில் ஒருவர் ஊக்குநராகவும் இருவர் பிரதிநிதிகளாகவும் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். கூட்டத்தை நடத்துபவர், பேச்சு திசைமாறும்போது திருப்பிக் கொண்டுவருபவர் ஊக்குநர். வங்கிக்குப் போய்வருவது பிரதிநிதிகளின் வேலை. குழுவின் கணக்கை ஒருவர் மட்டும் இயக்க முடியாதபடி கூட்டாகக் கையெழுத்திடும் ஏற்பாடு இருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்பொறுப்புகள் மாற வேண்டும் என்பது விதி.

ஒரு கூட்டத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். கையில் இருப்பது பத்தாயிரம் ரூபாய், இருவர் கேட்கிறார்கள். ஒருவருக்கு மகளின் கல்லூரிக் கட்டணம், மற்றவருக்கு ஆடு வாங்க வேண்டும். ஆடு வாங்கினால் வருமானம் வரும், கடன் திரும்பும். கட்டணத்துக்குக் கடைசி நாள் திங்கட்கிழமை. யாருக்கு முதலில்? மறுக்கப்படும் பெண்ணின் முகத்தைப் பார்த்து, நாளை குழாயடியில் அவளைச் சந்திக்க வேண்டும் என்று தெரிந்தே, காரணத்தைச் சொல்லி மறுக்க வேண்டும். அந்தக் காரணம் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். "அக்கா, உங்களுக்கு அடுத்த மாசம் முதல் ஆளா எழுதிக்கிறோம்" என்று சொல்லிச் சமாதானம் செய்யவும் தெரிய வேண்டும். வீட்டில் ஐந்நூறு ரூபாய்ச் செலவுக்கும் இன்னொருவரின் அனுமதி வேண்டியிருந்த பெண், மாதா மாதம் இப்படிப் பத்தாயிரம் ரூபாயைப் பற்றி வாதாடி முடிவெடுக்கிறாள் என்றால், அவள் பழகிக்கொள்வது கடன் வாங்குவதை அல்ல, நிர்வாகத்தை.

இதற்கு எல்லோரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு மதுரைக்கு அருகே புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலித் தொழிலாளியான அவர், களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்பு இயக்கத்தின் தலைவர்களில் ஒருவராக உயர்ந்தார். 1999-ஆம் ஆண்டுக்கான ஸ்திரீ சக்தி விருதை வழங்கியபோது, அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்கு வழங்கப்பட்டது. காலைத் தொட்ட அந்தப் புகைப்படத்தைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். மேடைக்கு வருவதற்கு முன் அவர் எத்தனை கூட்டங்களில் உட்கார்ந்திருப்பார், எத்தனை வீட்டு வாசல்களில் நின்று பெண்களைச் சேமிக்கச் சொல்லியிருப்பார் என்பதை அந்தப் படம் காட்டாது. கொண்டாட்டங்களின் இயல்பான குறை இது. படிக்கத் தெரியாத ஒருவர் தலைமை தாங்க முடிந்ததற்கு அவருடைய ஆற்றலோடு, கணக்கை எழுதவும் சரிபார்க்கவும் ஓர் அமைப்பு பின்னால் இருந்ததும் காரணம் என்று கருதுகிறேன்.

அந்த அமைப்பு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதும் ஊரறிந்த கதைதான். எழுதத் தெரிந்த ஒரே பெண் ஊக்குநர் ஆகிறாள். புத்தகங்கள் அவள் வீட்டிலேயே இருக்கின்றன. பொறுப்பு மாற வேண்டிய ஆண்டு வரும்போது "உன்னை விட்டால் யாருக்கும்மா எழுதத் தெரியும்" என்று எல்லோரும் சேர்ந்து அவளையே மறுபடி உட்கார வைக்கிறார்கள். அவள் நேர்மையானவளாக இருந்தால் பதினைந்து ஆண்டு இலவச வேலைக்காரி ஆகிறாள். இல்லாவிட்டால் குட்டி வட்டிக்காரி ஆகிறாள். இரண்டிலும் மற்ற பதினான்கு பேர் எதையும் கற்கவில்லை.

ஆக, குழுவின் தலைமை என்பது ஒருவருக்குத் தரப்படும் பட்டம் அல்ல, முறைவைத்துப் பலர் கைக்குப் போக வேண்டிய பழக்கம். இரண்டாவது, மூன்றாவது பெண்ணுக்கும் கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்காத பயிற்சித் திட்டம் தன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

பெயரில் மட்டும் குழுவாக இருப்பவை

தெருப் பேச்சில் மிக அதிகமாகக் குழம்புவது இந்த இடத்தில்தான். தனியார் நுண்கடன் நிறுவனங்களும் பெண்களைக் குழுவாகச் சேர்த்தே கடன் தருகின்றன. மக்கள் அதையும் "குழு லோன்" என்றே சொல்கிறார்கள். அந்தக் குழுவுக்குச் சரியான பெயர் கூட்டுப் பொறுப்புக் குழு. சில பெண்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று, ஒவ்வொருவரும் தனித்தனியே நிறுவனத்திடம் கடன் வாங்குகிறார்கள். தொகை, வட்டி, தவணை எல்லாவற்றையும் நிறுவனம் முடிவு செய்கிறது. பொதுச் சேமிப்பு இல்லை. ஆகவே குழு நிதியும் இல்லை, வட்டி திரும்பி வருவதும் இல்லை. கூட்டம் நடக்கும், ஆனால் அது வசூல் கூட்டம். சீட்டையும் சிறுவாட்டையும் நினைவில் கொண்டால் வேறுபாடு புரியும்: சுய உதவிக் குழுவில் பெண்கள் தங்கள் பணத்தின் சொந்தக்காரர்கள், மற்றதில் பிறர் பணத்தின் வாடிக்கையாளர்கள்.

வாடிக்கையாளராக இருப்பதில் தவறில்லை. அவசரத்துக்கு அந்த நிறுவனங்கள் உதவுவதும் உண்டு. ஒரே பெண் நான்கு நிறுவனங்களிடம் வாங்கி, ஒன்றின் தவணையைக் கட்ட இன்னொன்றிடம் வாங்கும்போதுதான் கழுத்து இறுகுகிறது. ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் 2010-இல் இது பெரும் நெருக்கடியாக வெடித்து, அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் தமிழ்ப் பெண்கள் பலர் நுண்நிதிக் கடனில் சிக்கினர். 2018-இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு அந்நாட்டு அரசு கடன் நிவாரணம் அறிவித்தது. இந்தியாவில் 2022-இல் வந்த ரிசர்வ் வங்கியின் விதிகள், ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை அக்குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்கின்றன. காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைப்பதை அடாவடி வசூல் முறையாகக் கருதுகின்றன. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு 2025-இல் தனிச் சட்டமும் இயற்றியிருக்கிறது. வாசலில் இரவு எட்டு மணிக்கு ஆள் வந்து நின்றால் இந்த விதிகளும் சட்டமும் நினைவுக்கு வர வேண்டும்.

நல்ல குழுவுக்கும் நிழல் உண்டு

உண்மையான சுய உதவிக் குழுவிலும் எல்லாம் நலமே என்று சொல்லிவிட முடியாது. கூட்டுப் பொறுப்பின் மறுபக்கம் அவமானம். கணவர் படுத்த படுக்கையானதால் தவணை தவறிய பெண்ணிடம் மேலாளர் வந்து கேட்பதைவிட, பதினான்கு தோழிகள் வந்து கேட்பது அதிகம் வலிக்கும். இந்த நிலைக்காகவே தவணையை ஒத்திவைக்கும் முடிவையும் கூட்டத்தில் எடுத்து எழுதலாம். அப்படி எடுக்கத் தெரிந்த குழு முதிர்ந்த குழு.

இன்னொன்று, கடன் பெண்ணின் பெயரில் இருக்கும், பணம் வீட்டு ஆண்களின் கையில் இருக்கும், தவணைக் கவலை மறுபடி பெண்ணிடம் வந்து சேரும். புள்ளிவிவரத்தில் இது பெண்ணுக்குச் சென்ற கடனாகவே பதிவாகும். கடனின் பயன் என்ன என்று அடுத்த கூட்டத்தில் குழு கேட்பது ஒன்றே இதற்குத் தடை. கேட்பது உரிமையா, மூக்கை நுழைப்பதா என்ற சண்டையும் நடக்கும், நடக்கட்டும்.

மூன்றாவது, கடன் கிடைத்துவிட்டதாலேயே தொழில் நடந்துவிடாது. ஒரே ஊரில் எட்டுக் குழுக்கள் ஊறுகாய் போட்டால் வாங்குவதற்கு ஆள் எங்கே? குழுப் பொருள்களுக்கு "மதி" என்ற வணிகப் பெயரும், மாவட்டங்களில் பூமாலை வணிக வளாகங்களும் உண்டு. 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பள்ளிகளில் சமைப்பவர்கள் குழுப் பெண்களே. நிச்சயமாக வாங்குபவர் ஒருவர் இருக்கும் வேலை இது என்பதால், இத்தகைய ஏற்பாடுகளைக் கடன் தொகையைவிட நான் பெரிதாக மதிப்பேன்.

குழுவுக்கு மேலே

பல குழுக்கள் சேர்ந்து ஊராட்சி அளவில் ஒரு கூட்டமைப்பு, அவற்றுக்கு மேல் வட்டார அளவில் ஒன்று என்று அடுக்குகள் உண்டு. குழுக்களின் கணக்கைத் தணிக்கை செய்வதும், நலிந்த குழுவுக்கு ஆள் அனுப்புவதும் கூட்டமைப்பின் வேலைகள். கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் குழுத் திட்டம் இந்த அடுக்குகளை உள்ளாட்சியோடு நெருக்கமாகப் பின்னியது. திட்டமிடல் கூட்டங்களில் பெண்களின் குரல் நேரடியாகக் கேட்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டத்திருத்தம் 2016-இல் வந்தது. கூட்டம் நடத்தவும் தீர்மானம் எழுதவும் ஊருக்கு முன்னால் ஒருவரை மறுத்துப் பேசவும் குழுவில் பழகிய பெண்கள் வேட்பாளராக நிற்பதில் வியப்பில்லை. அப்படிப் பழகாதவர் வென்றால், நாற்காலியில் கணவரோ மாமனாரோ உட்கார்ந்துவிடுவதையும் பார்க்கிறோம்.

உங்கள் தெருவில் ஒரு குழு இருந்து, அதில் சேரலாமா என்று வீட்டில் பேச்சு நடந்தால், எவ்வளவு கடன் தருவார்கள் என்பதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் சென்ற மாதத் தீர்மானப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் சேமிப்பு எவ்வளவு, யாருக்கு என்ன காரணத்துக்காக உள்கடன் தரப்பட்டது, யாருக்கு ஏன் மறுக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறதா, கையெழுத்துகள் ஒரே பேனாவில் ஒரே கையால் போட்டவையா என்று பாருங்கள். பிறகு, இப்போதைய ஊக்குநருக்கு முன்பு யார் ஊக்குநராக இருந்தார் என்று கேளுங்கள்.